ஃபர்ஸ்ட் பிரஸ் பக்தகோடிகளுக்கு...

டிஸ்கி: இது ரெக்கார்டு சேர்க்கிறவர்களைத் திட்டும் பதிவு அல்ல. நானே சேர்க்கிறவன்தான், வீட்டில் நூத்திச் சொச்சம் எல்.பி. இருக்கு. சேர்த்துப் பூட்டி வைக்கிறவர்களைத் திட்டும் பதிவு. ஆட்டோ அனுப்புவதாக இருந்தால் கரமனை பக்கம் அனுப்பவும், மீட்டர் போட மாட்டார்கள் :-)

"ஃபர்ஸ்ட் பிரஸ்ஸா சார்?"

திருவனந்தபுரத்தில் எல்.பி. வைத்திருக்கும் நாலு பேர் ஒரு வீட்டில் கூடினால் பத்து நிமிஷத்துக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். கழக்கூட்டத்தில் பொட்டி தட்டும் நம்ம ஊர்ப் பையனும் இதைத்தான் கேட்கிறான், துபாயிலிருந்து லீவில் வந்த அண்ணாச்சியும் இதைத்தான் கேட்கிறார். எரிக் க்ளாப்டன் அந்த ரெக்கார்டில் என்ன வாசித்தார், ஜிம்மி பேஜ் எங்கே சொதப்பினார், பீட்டர் க்ரீன் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து எவ்வளவு நேரம் அழ வைத்தார், இதெல்லாம் பேச்சில் வரவே வராது. லேபிள் என்ன கலர், அட்டை எந்தக் கலர், தட்டின் உள்வட்டத்தில் கீறியிருக்கும் நம்பர் என்ன. கிளையில் பழைய ரூபாய் நோட்டை லைட்டில் தூக்கிப் பார்ப்போமே, அதே போஸில் ரெக்கார்டைத் தூக்கிப் பார்க்கிறார்கள்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. ஒரு ஆல்பம் முதன்முதலில் வெளிவந்தபோது, வெளிவந்த நாட்டில், முதல் தவணையாக அடித்த பிரதிதான் ஃபர்ஸ்ட் பிரஸ். 1969-ல் வந்த லெட் செப்பலின் முதல் ஆல்பத்தை எடுத்துக்கோங்க. இங்கிலாந்தில் முதல் தவணை அட்டையில் எழுத்து நீலப்பச்சை நிறத்தில் இருக்கும். அப்புறம் ஆரஞ்சுக்கு மாற்றிவிட்டார்கள். உள்ளே இருக்கும் பாட்டு அதே பாட்டுதான். ஆனால் அந்த நீலப்பச்சைக்குக் கேட்கும் விலையில் ஒரு குடும்பம் ரெண்டு பேர் குறையாமல் காசி போய் வரலாம்.

சத்தத்தில் வித்தியாசமே இல்லையா என்று கேட்டால், இருக்கு. பொய் சொல்லக்கூடாது. லாக்கர் தட்டில் வெட்டி, அதிலிருந்து உலோகத்தில் அப்பா, அம்மா, கடைசியில் ஸ்டாம்பர் என்று வம்சாவளியாக எடுத்து, அந்த ஸ்டாம்பரை வைத்துத்தான் சூடான பிவிசியை அமுக்குகிறார்கள். அடிக்க அடிக்க ஸ்டாம்பர் தேயும். புது ஸ்டாம்பரில் முதலில் விழுந்த தட்டு தெளிவாக இருக்கும், கடைசியில் விழுந்தது கொஞ்சம் மழுங்கியிருக்கும். இதையே ஒழுங்காக யோசித்தால் என்ன வருகிறது? ஃபர்ஸ்ட் பிரஸ்ஸின் கடைசித் தட்டை விட, ரெண்டாவது தவணையில் புது ஸ்டாம்பரில் விழுந்த முதல் தட்டு நன்றாக இருக்கலாம். உங்கள் கையில் இருப்பது எத்தனையாவது என்று உங்களுக்கும் தெரியாது, விற்றவனுக்கும் தெரியாது.

லெட் செப்பலின் இரண்டாவது ஆல்பத்தில் பாப் லட்விக் வெட்டிய அமெரிக்க முதல் வெட்டு மட்டும் விதிவிலக்கு. சாதாரண பிளேயரில் முள் துள்ளுகிற அளவுக்குச் சத்தமாக வெட்டியதால் கம்பெனியே அதை மாற்றி வெட்டியது. அதற்கு அதிகம் கொடுக்கிறேன் என்றால் ஒப்புக்கொள்கிறேன், காதுக்குக் காரணம் இருக்கு. ஆனால் இந்த ஒரு கதையைச் சொல்லியே உலகத்தில் உள்ள அத்தனை முதல் தவணையையும் விற்கிறார்கள் பாருங்க, அதுதான் சாமர்த்தியம்.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். அந்தத் தட்டுக்கு வயசு ஐம்பதுக்கு மேல். அதை முதலில் வாங்கிய லண்டன் காலேஜ் பையன் கனமான செராமிக் முள் வைத்து ராத்திரி பகலாக ஓட்டியிருப்பான். பீர் கொட்டியிருப்பான். தட்டின் வெளிவிளிம்பில் முள்ளுக்குக் கீழே பள்ளம் நொடிக்கு 50 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும், உள்ளே போகப் போக 21-க்கு வந்துவிடும். அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டுதான் முதலில் அடிவாங்கும். எந்த ஊரில், எந்த வருஷம் அடித்ததாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. முதல் தவணை என்பதற்காகப் பள்ளம் மரியாதை கொடுத்து நேராக ஓடாது.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். இவர்கள் கும்பிடுகிற கிட்டார்க்காரர்கள் எந்த ரெக்கார்டைக் கேட்டு வளர்ந்தார்கள்?

ராபர்ட் ஜான்சன். 1936-லும் 1937-லும் டெக்ஸாஸில் சான் அன்டோனியோ, டல்லாஸ் என்று இரண்டு ஊரில் உட்கார்ந்து மொத்தம் 29 பாட்டு பதிவு செய்தார். 1938-ல் போய்ச் சேர்ந்துவிட்டார், வயசு 27. அந்தக் காலத்து 78 வேகத் தட்டுகள் இங்கிலாந்துப் பையன்கள் யார் கையிலும் இருந்ததில்லை. 1961-ல் கொலம்பியா கம்பெனி அதில் 16 பாட்டைப் பொறுக்கி 'கிங் ஆஃப் த டெல்டா ப்ளூஸ் சிங்கர்ஸ்' என்று ஒரு எல்.பி. போட்டது. க்ளாப்டனும் கீத் ரிச்சர்ட்ஸும் பித்துப் பிடித்துத் திரிந்தது அந்த எல்.பி.யைக் கேட்டுத்தான். அது மறுபதிப்பு! மனுஷன் செத்துப்போய் இருபத்து மூணு வருஷம் கழித்து எடுத்த மறுபதிப்பு.

அதே 1961-ல் டார்ட்ஃபோர்டு ரயில் நிலையத்தில் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் சந்தித்த கதை எல்லோருக்கும் தெரியும். ஜாகர் கக்கத்தில் சக் பெர்ரியும் மடி வாட்டர்ஸும். அந்த மடி வாட்டர்ஸ் எல்.பி. 'தி பெஸ்ட் ஆஃப்', அதாவது ஏற்கனவே சிங்கிளாக வந்த பாட்டுகளைக் கூட்டிக் கட்டிய தொகுப்பு. நம்ம பாஷையில் 'டி.எம்.எஸ். ஹிட்ஸ்'. அன்றைக்கு ரிச்சர்ட்ஸ் மட்டும் நம்ம ஆளாக இருந்திருந்தால், "ஒரிஜினல் சிங்கிள் இல்லையா? கம்பைலேஷனா? சீ" என்று அடுத்த பெட்டியில் ஏறியிருப்பார். ரோலிங் ஸ்டோன்ஸே இல்லை.

அவ்வளவு தூரம் ஏன்? கும்பகோணத்தில் நான் படித்த காலத்தில் தெருவுக்குத் தெரு ரெக்கார்டிங் சென்டர். முழு வெள்ளைத்தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால், ரெண்டு நாளில் டிடிகே கேசட்டில் பதிந்து தருவார்கள். ஹெண்ட்ரிக்ஸ் எனக்கு வந்தது அப்படித்தான், நாலாவதோ ஐந்தாவதோ நகலாக, பின்னால் ஒரு 'உஸ்ஸ்ஸ்' சத்தத்தோடு. பி.காம். முடிக்கும் வரை அந்த 'உஸ்' கிட்டாரில் ஒரு பாகம் என்றே நினைத்திருந்தேன். சுகத்தில் ஒரு குறையும் இல்லை.

பொற்காது கோஷ்டி ஒன்று இருக்கு. "டிஜிட்டல் ஒரு படி நடுவில் வந்தாலே எனக்குத் தெரிஞ்சுடும்" என்பார்கள். அவர்களுக்காக: மொபைல் ஃபிடிலிட்டி என்று ஒரு அமெரிக்க கம்பெனி. ஒரிஜினல் டேப்பிலிருந்து நேராக எடுத்தது என்று நம்பி உலகமே வாங்கியது. அதில் 'ஒன் ஸ்டெப்' என்று ஒரு உயர்தர வரிசை, நூறு டாலரும் அதற்கு மேலும். முதலில் வந்ததே சான்டானாவின் 'அப்ராக்சஸ்'. 2022-ல் குட்டு வெளிப்பட்டது: 2011 முதலே பல தட்டுகளுக்கு நடுவில் டிஜிட்டல் பதிவு ஒன்றைப் போட்டுத்தான் வெட்டியிருக்கிறார்கள். கேஸ் போட்டு, 2.5 கோடி டாலருக்கு சமரசம் ஆனது. பத்து வருஷத்துக்கு மேலாக ஒரு பொற்காதுக்கும் தெரியவில்லை. ஃபீனிக்ஸில் ஒரு கடைக்காரர் கேள்வி கேட்டுக் கிளறிய பிறகுதான் எல்லோருக்கும் காது கேட்க ஆரம்பித்தது!

சரி, காது வாதம் தோற்றால் அடுத்து வருவது காசு வாதம். "சார், இது இன்வெஸ்ட்மென்ட்." இங்கேதான் எனக்கு இரத்தக் கொதிப்பு ஏறும், ஏனென்றால் இது என் தொழில்.

தங்கத்தைக் கொண்டு வந்தால் கிராம் கணக்குப் பார்த்து அரை மணியில் கடன் தருவோம். 180 கிராம் ரெக்கார்டைக் கொண்டு வந்தால் செக்யூரிட்டி உள்ளேயே விடமாட்டார். (180 கிராம் என்பதும் ஒரு மாயை. எழுபதுகளில் வந்த நல்ல தட்டுகள் பலதும் 120, 130 கிராம்தான். கனம் கூடினால் பள்ளம் ஆழமாவதில்லை.) வட்டி தராது, வாடகை தராது. விற்கலாம் என்று போனால் வாங்கிய விலைக்கும் விற்கிற விலைக்கும் நடுவில் ஒரு பெருங்கடல். நெட்டில் பார்க்கும் விலை கேட்கிறவன் விலை. கொடுக்கிறவன் விலை அல்ல.

ஒரு சின்னக் கணக்கு. 2012-ல் நூறு டாலருக்கு ஒரு ரெக்கார்டு வாங்கினீர்கள், அப்போ டாலர் சுமார் 53 ரூபாய், 5,300 ஆச்சு. 2024-லும் அதே ரெக்கார்டு அதே நூறு டாலர் என்று வைத்துக்கொள்வோம். டாலர் சுமார் 84. "பார்த்தீங்களா, 8,400 ஆயிடுச்சு!" என்கிறீர்கள். ரெக்கார்டு ஒரு பைசா ஏறவில்லை, ரூபாய்தான் இறங்கியிருக்கு. அதே 5,300 ஏழு சதவீதக் கூட்டு வட்டியில் பன்னிரண்டு வருஷத்தில் சுமார் 11,900. கூரியர் செலவையும் சுங்க வரியையும் நான் சேர்க்கவே இல்லை.

இதை நான் ஏதோ ஏட்டுக்கணக்காகச் சொல்லவில்லை. போன வருஷம் கரமனைப் பக்கம் நம்ம தமிழ்க் குடும்பம் ஒன்றில் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரர் மத்திய அரசு ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர், நல்ல மனுஷர், தவறிப்போய் ஆறு மாசம். ஒரு ஸ்டீல் பீரோ நிறைய ரெக்கார்டு. வீட்டுக் கடன் பாக்கி இருந்தது. ரெக்கார்டை விற்றால் அடைத்துவிடலாம் என்று அவரே சொல்லி வைத்திருந்தாராம். நான் வங்கிக்காரன், ரெக்கார்டும் தெரிந்தவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

"அவர் இருந்த வரைக்கும் அந்த பீரோவைத் தொட விட்டதில்ல தம்பி. தூசி தட்டக்கூட விடமாட்டார். மழை நாள்ல ரெண்டு பாட்டு போடுங்கன்னா, முள்ளு தேயும்பார். இப்ப எது பொன்னு எது பித்தளைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கணக்கு நோட்டு இருந்தது. அழகான கையெழுத்து. தேதி, பெயர், டாலர், ரூபாய். கூட்டிப் பார்த்தேன், ஒன்பது லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. வியாபாரி ஒருத்தர் வந்து பார்த்துவிட்டு மொத்தத்துக்கும் ஒன்று அறுபது என்றார். ஒரு லட்சத்து அறுபதாயிரம். பேரம் பேசி இன்னும் கொஞ்சம் ஏற்றினோம், அவ்வளவுதான். பாதிக்குப் பாதி பிளாஸ்டிக் உறை பிரிக்காதவை. பிரிக்காமல் இருந்தால்தான் மதிப்பு என்று வைத்திருந்தார். வியாபாரி எதிரிலேயே ரெண்டு மூணைப் பிரித்தார். உறை வருஷக்கணக்கில் இறுக்கி, இந்த ஊர் வெயிலும் சேர்ந்து, ஜான் மேயாலின் தட்டு ஒன்று அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. ஒரு தடவை கூட ஓடாத ரெக்கார்டு. ஒருத்தர் காதுக்கும் போகாமல் கெட்டுப்போனது.

அந்தக் கடனில் மீதி இன்னும் ஓடிக்கொண்டிருக்கு. தவணையை மகள் கட்டுகிறாள்.

வியாபாரி ஒரு முப்பது தட்டை மட்டும் தனியாக ஒதுக்கி வைத்தார். "இதெல்லாம் இந்தியன் பிரஸ், வேஸ்ட். எடைக்குப் போட்டுடுங்க."

எனக்கு இந்த 'இந்தியன் பிரஸ் வேஸ்ட்' என்ற வார்த்தை மேல்தான் முழுக் கோபமும். கிராமபோன் கம்பெனியின் தொழிற்சாலை கல்கத்தா டம்டம்மில் இருந்தது. எம்.எஸ். அம்மாவும், டி.எம்.எஸ்ஸும், நம்ம வீட்டுக் கல்யாணத்தில் ஒலித்த நாதஸ்வரமும் அங்கேதான் தட்டாச்சு. பீட்டில்ஸும் பிங்க் ஃப்ளாய்டும் இந்தியக் கடைகளுக்கு வந்ததும் அதே டம்டம்மிலிருந்துதான். பல பீட்டில்ஸ் தட்டுகளில் உள்வட்டத்து நம்பரைப் பார்த்தால் இங்கிலாந்து நம்பரே இருக்கும். வெட்டு அங்கே, அமுக்கியது இங்கே. வெளிநாட்டில் இப்போது டம்டம் தட்டைத் தேடித் தேடி வாங்குகிற கூட்டமே இருக்கு, நம்ம ஆள்தான் எடைக்குப் போடுகிறான்.

இந்திய அச்சில் குறை உண்டு, மறுக்கவில்லை. மட்டமான பிளாஸ்டிக் கலந்த தட்டுகளில் பொரி பொரிந்த மாதிரி சத்தம் வரும். அட்டை மெலிசு, தண்ணி பட்டால் அப்படியே இளகிவிடும். சிம்லா பீட் கதை தெரியுமா? 1970-லும் 1971-லும் சிகரெட் கம்பெனி ஆதரவில் இந்திய ராக் குழுக்களுக்குப் போட்டி வைத்து, அதை எல்.பி.யாகவும் போட்டார்கள். பதிவு சுமார்தான், கிட்டாரில் மட்டும் அப்படி ஒரு வெறி. அன்றைக்குச் சீண்டுவாரில்லை. இன்றைக்கு ஒரிஜினல் கிடைத்தால் வெளிநாட்டுக்காரன் கொத்திக்கொண்டு போகிறான், மறுபதிப்பும் போட்டாயிற்று. எடைக்குப் போட்ட வீடுகள் எத்தனையோ.

நம்ம அப்பா, சித்தப்பா தலைமுறை ப்ளூஸ் கிட்டாரை ரெக்கார்டில் கேட்டது என்றால் இந்த இந்திய அச்சில்தான், எச்.எம்.வி. ஃபியஸ்டா பிளேயரில். கொஞ்சம் வசதி என்றால் காஸ்மிக், சோனோடைன். நம்ம ஊருக்கு இந்தச் சங்கீதம் வந்து சேர்ந்த பாதை இதுதான். அந்தப் பாதையைக் குப்பை என்று சொல்லிவிட்டு, லண்டனில் எவனோ ஓட்டித் தேய்த்த தட்டுக்கு மாசச் சம்பளத்தைக் கொடுப்பது ரசனையாம்.

"அப்போ வரலாற்று மதிப்பு என்று ஒன்று இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கு. அதற்கு மியூசியம் இருக்கு. கோட்டயம் ஜில்லா பிளாசனாலில் ஒருத்தர் தன் சேகரிப்பையே கிராமபோன் மியூசியமாக வைத்திருக்கிறார், 2015-லிருந்து. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்க. உங்கள் வீட்டு ஸ்டீல் பீரோ மியூசியம் இல்லை. அங்கே டிக்கெட்டும் இல்லை, பார்வையாளரும் இல்லை.

"கலைஞருக்கு மரியாதை" என்றும் ஒரு வாதம். பழைய ரெக்கார்டை நீங்கள் எத்தனை ஆயிரத்துக்கு வாங்கினாலும் வாசித்தவருக்கு ஒரு நயாபைசா போகாது, அது விற்றவன் பைக்கு. லெட் செப்பலின் அதே இரண்டாவது ஆல்பத்து முதல் பாட்டுக்காக வில்லி டிக்சன் என்ற ப்ளூஸ் பெரியவர் 1985-ல் கேஸ் போட்டு, 1987-ல் சமரசமாகித்தான் தன் பங்கை வாங்கினார். பாட்டு வந்து பதினெட்டு வருஷம். மரியாதை வேண்டுமென்றால் புதுப் பிரதி வாங்குங்க, அதிலாவது உரிமைத்தொகை என்று ஏதாவது போகும். 2024-லிருந்து நவி மும்பையிலேயே மறுபடி ரெக்கார்டு அடிக்கிறார்கள்.

திருவனந்தபுரத்தில் இருக்கும் நம்மவர்களுக்கு வேறொரு தொல்லையும் உண்டு: பூஞ்சை. ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் நம்ம மழை, ரெண்டும் இந்த ஊருக்கு உண்டு. பூட்டி வைத்த ரெக்கார்டில் வெள்ளைப் புள்ளி பூத்துவிடும். பிவிசி தண்ணி குடிக்காது, ஆனால் அட்டையும் உள்ளுறைக் காகிதமும் குடிக்கும், அங்கிருந்து தட்டுக்கு ஏறும். மருந்து என்ன தெரியுமா? அடிக்கடி எடுத்துப் போடுவது. எடுத்தால் காற்றுப் படும், துடைப்பீர்கள், உறை மாற்றுவீர்கள். டிஸ்டில்டு வாட்டரில் துளி பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய துணி, பள்ளம் ஓடும் திசையிலேயே துடைக்கணும், அப்புறம் வெறும் டிஸ்டில்டு வாட்டரில் ஒருமுறை. லேபிளில் ஈரம் படக்கூடாது. தாத்தா காலத்து 78 தட்டில் மட்டும் ஸ்பிரிட் வைத்துவிடாதீங்க, அரக்கு கரைந்துவிடும். நிற்க வைத்து அடுக்கணும், படுக்க வைத்து ஒன்றன் மேல் ஒன்று வேண்டாம், பீரோவை மேற்குச் சுவரிலிருந்து தள்ளிப் போடணும். குழந்தைகள் தொட்டால் கீறல் விழுமே என்றால், விழட்டும். என் ரெண்டாவது பையன் விரல் ரேகை இல்லாத ரெக்கார்டு எங்கள் வீட்டில் கிடையாது. விளிம்பைப் பிடித்து எடுக்க அவனுக்கு ஏழு வயசிலேயே வந்துவிட்டது.

இன்னும் நம்பாதவர்களுக்கு ஒரு பந்தயம். டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்', 1985. என்னிடம் இந்திய அச்சு ஒன்று, நண்பரின் இங்கிலாந்து முதல் தவணை ஒன்று, புது மறுபதிப்பு ஒன்று. அந்த ஆல்பம் பதிவானதே டிஜிட்டலில். போதாததுக்கு, எல்.பி.யில் இடம் பத்தாமல் சில பாட்டை வெட்டிச் சுருக்கியிருந்தார்கள், முழு நீளம் சி.டி.யில்தான் இருந்தது. அதனால் ரெண்டு பக்கத்திலும் ஒரே நீளத்தில் இருக்கும் பாட்டு ஒன்றை நானே தேர்ந்தெடுப்பேன். லேபிளைத் துணியால் மூடி, மூன்றையும் முன்னே பின்னே மாற்றி, மூணு தடவை போடுவேன். மூணு தடவையும் இங்கிலாந்துத் தட்டைச் சரியாகச் சொல்கிறவருக்குக் குடும்பத்தோடு ராத்திரிச் சாப்பாடு என் செலவு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வாங்க. இதுவரை ஒன்பது பேர் வந்திருக்கிறார்கள், எனக்கு இன்னும் செலவு வரவில்லை.